ஒரே நாளில் வாங்கிய இரண்டு மூட்டைகள்

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதறது. இங்க நானும் வக்கீலும் சௌக்கியம். அங்க நீங்க, அண்ணன், கடுகு மூணு பேரும் எப்படி இருக்கீங்க? உங்க விரல் காயம் ஆறிடுச்சா? கண்ணாடி வெட்டறவங்க கையுறை போட்டுக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரக் கூடாது. ஆனாலும் சொல்றேன்.

கூப்பிட்டுப் பேசாம ஏன் கடிதம் எழுதறான்னு அண்ணன் கேட்டா, போன்ல நம்ம ரெண்டு பேருக்கும் குரல் தானா ஏறிடுதுன்னு சொல்லுங்க. அம்மா போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நாம பேசாம இருந்ததுக்கு அந்த ஒரு போன்தான் காரணம். கடிதத்துல கத்தினா யாருக்கும் கேட்காது.

போன வருஷம் உங்க பிரேம் கடைக்குப் பின்னால பிறந்த நாய்க்குட்டிகள்ல கடுகை நீங்க வச்சுக்கிட்டு, வக்கீலை அண்ணன் கையில கூடையில வச்சு அனுப்பினீங்க. "பாப்பா தனியா இருக்கா, கொண்டு போய்க் கொடுங்கன்னா உங்க அண்ணி"ன்னு சொன்னார். அவர் அவ்வளவு நீளமாப் பேசினதே எனக்கு அதிசயம். நாற்பத்தாறு வயசுல என்னை இன்னும் பாப்பாங்கறது உங்க ரெண்டு பேர் வீட்டுலதான். அந்தக் குட்டிக்கு நான் பதிலுக்கு ஒண்ணும் செய்யல. இப்பச் செய்யறேன்.

என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்ட ஒருத்தர் நாய், பூனைக்கு வேண்டிய சாமான் விக்கிற கடை வச்சிருக்கார். மூணு தடவை டெஸ்ட்ல தோத்து நாலாவது தடவை பாஸ் ஆனவர். அந்த நன்றியில, "மேடம், இதுக்கு மேல நல்ல சரக்கே கிடையாது"ன்னு ஒரு நாய்த்தீனியைக் காட்டினார். பையைப் பார்த்தாலே கண்ணைப் பறிக்குது. மேல ஒரு நாய் படம். நம்ம ரெண்டு பசங்களையும் குளிப்பாட்டி நிறுத்தினாலும் அந்த மினுமினுப்பு வராது. பெரிய மூட்டையா ரெண்டு வாங்கி, ஒண்ணை வக்கீலுக்கு வச்சுக்கிட்டு, கடுகோடதைப் பார்சல்ல போட்டாச்சு. இனிமே அவனுக்கு மிச்சம் மீதி எல்லாம் போட வேண்டாம் அண்ணி. இதையே போடுங்க.

அண்ணனை மழை நாள்ல சைக்கிள்ல போக வேண்டாம்னு சொல்லுங்க.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதமும் மூட்டையும் ஒரே நாள்ல வந்து சேர்ந்தது. இங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். விரல் ஆறிடுச்சு. கையுறை போட்டா கண்ணாடியோட விளிம்பு கைக்குத் தெரிய மாட்டேங்குது, அதான் போடறதில்ல. திட்டாதே. உன் முதுகுவலி எப்படி இருக்கு? நாள் முழுக்க வண்டியில உட்கார்ந்திருக்கறவ நடுநடுவுல இறங்கி நாலடி நடக்கணும்.

கடுகு முதல்ல மோந்து பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "இது நிஜமா எனக்கா?"ன்னு கேட்கற மாதிரி இருந்தது. நான் தலையாட்டினதும் ஒரே மூச்சுல முடிச்சுட்டான். இப்ப மூட்டை சரசரன்னா போதும், எங்க இருந்தாலும் ஓடி வரான். கண்ணாடி மேஜைக்கு அடியில அட்டைத் துண்டுகளைப் போட்டு வச்சிருப்பேன், அதுதான் அவனுக்குப் பஞ்சு மெத்தை. சாப்பிட்டுட்டு அங்க போய் மல்லாந்து படுத்தான்னா, கடைக்கு வர ஆளுங்க அவனைத் தாண்டித்தான் என்கிட்ட வரணும்.

உங்க அண்ணன் பம்ப் ஹவுஸ் வேலையிலேருந்து வந்ததும் மூட்டையைக் காட்டி, "உங்க தங்கச்சி அனுப்பியிருக்கா"ன்னேன். "ம்"ன்னார். ஆனா அது நல்ல "ம்". இத்தனை வருஷத்துல எனக்கு வித்தியாசம் தெரியும்.

நேத்து ஒருத்தர் குடும்பப் படம் கொண்டு வந்து, ஓரத்துல நிக்கிற மச்சானை மட்டும் சட்டத்துக்குள்ள மறைச்சுடுங்கன்னார். பாதிக் காது வரைக்கும் மறைச்சேன். மிச்சத்துக்கு மனசு வரல.

நீ இவ்வளவு தூரத்துலேருந்து நினைச்சு அனுப்பினதே எனக்குப் பெரிசு பாப்பா. உடம்பைப் பார்த்துக்கோ.

உன்
அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க முதுகுவலி அப்படியேதான் இருக்கு, அதைத் தவிர ஒரு குறையும் இல்ல.

புதுசா ஒரு மாணவர் சேர்ந்திருக்கார். பாங்க் மேனேஜரா இருந்து ஓய்வு பெற்றவர். ஹாரன் அடிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட அனுமதி கேட்கறார். "அடிக்கட்டுமா மேடம்?"னு கேட்டு நான் சரின்னு சொல்றதுக்குள்ள முன்னாடி போனவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துடறார். வக்கீல் பின் சீட்டுல உட்கார்ந்து வரான். இன்ஜின் அணைஞ்சா குரைப்பான். மேனேஜர் திரும்பிப் பார்த்து, "ஸாரி சார்"ங்கறார். என்னைக்கூட அவர் சார்னு சொன்னதில்ல.

கடுகு மினுமினுன்னு ஆயிட்டானா? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இங்க வக்கீலுக்கு முன்னாடி வாங்கின மூட்டை இன்னும் இருக்கு, மே மாசம் பாதி வரைக்கும் வரும். அது தீர்ந்ததும்தான் புதுசைப் பிரிக்கணும். அது கட்டிலுக்கு அடியில இருக்கு. தினமும் போய் அதுமேல தலையை வச்சுப் படுத்துக்கறான். சொத்துக்குக் காவல்.

அண்ணன் என்ன சொன்னார்னு எழுதாதீங்க, எனக்கே தெரியும்.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாயிடுச்சு, கோவிச்சுக்காதே. சான்றிதழ், பட்டம்னு சட்டம் போட வரவங்க கூட்டம், கை ஓயல. நீ நல்லா இருக்கியா? முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

உன் மேனேஜர் கதையைப் படிச்சு உங்க அண்ணன் சத்தமாவே சிரிச்சார்.

கடுகுக்குத்தான் ஒரு வாரமாக் கொஞ்சம் சோர்வு. வெயில்னு நினைக்கறேன். தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்கான். சாப்பாட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கறான். உங்க அண்ணன் கையில வச்சு ஊட்டினா, அவர் மனசு நோகக் கூடாதேங்கற மாதிரி ரெண்டு வாய் எடுத்துக்கறான். நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டலாம்னு இருக்கோம். நீ கவலைப்படாதே.

போட்டோ அவன் தேறினதும் எடுத்து அனுப்பறேன்.

உன்
அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்க கடிதத்தைப் பார்த்ததுலேருந்து கடுகு நினைப்பாவே இருக்கு. டாக்டர் என்ன சொன்னார்?

வெயில்தான் அண்ணி, வேற ஒண்ணும் இருக்காது. இங்க வக்கீலும் மத்தியானத்துல நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாய்தா கேட்கறான். கடைக்காரர்கிட்ட விசாரிச்சேன். "சோர்வுன்னா சத்துப் போதலைன்னு அர்த்தம் மேடம், இன்னும் ஒரு கை கூடப் போடச் சொல்லுங்க"ன்னார். அதனால அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சுக் கொடுத்தா இறங்கும். பழையபடி வேற எதையாவது போட்டு வயித்தைக் கெடுத்துடாதீங்க.

உடனே பதில் போடுங்க. ரெண்டு வரி போதும்.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கு? வக்கீல் சௌக்கியமா?

நீ உடனே எழுதச் சொல்லியும் இவ்வளவு நாள் ஆக்கிட்டேன். வேலை அதிகம்னு சொன்னா நீ நம்ப மாட்டே, ஆனா வேலையும் இருந்தது. இந்த மாசம் ஒரு சின்னப் படத்துக்கு நல்ல மரத்துல சட்டம் போட்டேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

ஒரு விஷயம். உன் கட்டிலுக்கு அடியில இருக்கற மூட்டையை இப்பப் பிரிக்க வேண்டாம். வெயில் காலத்துல இந்த மாதிரிப் பைத் தீனி எல்லாம் சீக்கிரம் கெட்டுப் போகுமாம். கட்டிலுக்கு அடியில ஈரம் வேற ஏறும். பழைய மூட்டை தீர்ந்ததும் வக்கீலுக்கு வீட்டுச் சாப்பாடே போடு. நீ சாப்பிடறதுல ஒரு பங்கு, உப்பு காரம் இல்லாம எடுத்து வச்சாப் போதும். அவனுக்கும் ஒத்துக்கும். புது மூட்டையைக் கடையில திருப்பிக் கொடுத்துடேன். பிரிக்காததுதானே, வாங்கிக்குவாங்க.

இதைத் தட்டாம செய்யணும். உங்க அண்ணனும் இதையே சொல்லச் சொன்னார்.

உன்
அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்க நலமும் அண்ணன் நலமும் அறியக் காத்திருக்கேன்.

கடிதத்தை நாலு தடவை படிச்சேன். ஈரம் இல்ல அண்ணி. மூணாவது மாடியில இருக்கேன், ஈரம் ஏறணும்னா லிப்ட்லதான் ஏறி வரணும். விஷயம் என்னன்னு எனக்குப் புரியுது. நான் அனுப்பினது உங்களுக்குப் பிடிக்கல. முகத்துக்கு நேராச் சொல்ல முடியாம வெயில், ஈரம்னு சுத்தி வளைக்கறீங்க. நான் எது செஞ்சாலும் உங்களுக்கு அதுல ஒரு குறை இருக்கும். அண்ணன் சொல்லச் சொன்னாராம். அண்ணன் எப்ப அண்ணி முழுசா ஒரு விஷயம் சொல்லியிருக்கார்?

உங்க கடிதம் வந்த அன்னைக்குச் சாயந்திரமே புது மூட்டையைப் பிரிச்சுட்டேன். பழசு இன்னும் இருக்கு, இருந்தும் பிரிச்சேன். வக்கீல் ருசிச்சுச் சாப்பிடறான். ஒண்ணும் கெட்டுப் போகல.

இதோட கடிதத்தை மூடி ஒட்டிட்டேன். திரும்பவும் பிரிச்சு எழுதறேன். உங்க கடிதத்துல "நாங்க ரெண்டு பேரும்"னு இருக்கு. எப்பவும் மூணு பேர்னுதானே எழுதுவீங்க? கடுகைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. அவன் எப்படி இருக்கான்?

பாப்பா


மே 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

வக்கீல் எப்படி இருக்கான்? நீ சாப்பிட்டியா, தூங்கினியா? எனக்கு வேற எதுவும் கேட்கத் தோணல.

உன் கடிதத்தைப் படிச்சதும் கடையில நின்னவங்களை அப்படியே விட்டுட்டுப் போனை எடுத்தேன். "மூட்டையைக் கட்டு, இனிமே ஒரு வாய் கொடுக்காதே, இப்பவே டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போ"ன்னு கத்தினது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. "கடுகு எங்க?"ன்னு நீ கேட்டே. திரும்பவும் டாக்டர்கிட்டப் போன்னுதான் சொன்னேன். நீ வச்சுட்டே. வச்சது நல்லதுதான், நேரா டாக்டர்கிட்டப் போயிருப்பே. போன்ல சொல்லாம விட்டதை இதுல ஒழுங்காச் சொல்லிடறேன்.

கடுகு ஏப்ரல் பத்தாம் தேதி போயிட்டான். உனக்கு நான் எழுதின மறுநாள் கொட்டாவி விட்டான். அப்பத்தான் பார்த்தேன், ஈறெல்லாம் மஞ்சளா இருந்தது. கண்ணும் மஞ்சள். இங்க நாய் டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, உன்னைவிடக் கோபக்காரி. கல்லீரல் கெட்டுப் போச்சு, தாமதமாக் கொண்டு வந்திருக்கீங்கன்னு திட்டிட்டு, அவளே ராப்பகலா மருந்து ஏத்தினா. வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொன்னப்ப அவ எங்க முகத்தைப் பார்க்கல. மேஜைக்கு அடியில அவன் இடத்துலதான் போனான். உங்க அண்ணன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். அம்மா போனப்பத் தவிர அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்ல. அன்னைக்குப் போட்டார்.

பத்து நாள் கழிச்சு டாக்டர் கூப்பிட்டா. அதே மஞ்சளோட இன்னும் ரெண்டு நாய் வந்ததாம். மூணு வீட்டுலயும் ஒரே தீனி, பையில ஒரே தயாரிப்பு நம்பர். அதுல போடற மக்காச்சோளம் பூஞ்சை பிடிச்சதா இருந்திருக்கும், அந்த விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, வேக வச்சாலும் போகாதுன்னா. சோதனைக்கு அனுப்பியிருக்கா, முடிவு வர நாளாகும். மிச்ச மூட்டையை வேற எந்த வாயும் தொடக் கூடாதுன்னு உங்க அண்ணன் பம்ப் ஹவுஸ்ல வச்சுப் பூட்டியிருக்கார்.

அப்பவே ஏன் சொல்லலன்னு கேட்பே. எழுதி எழுதிக் கிழிச்சேன். எப்படி எழுதினாலும், நீ அனுப்பின சாப்பாட்டாலதான் அவன் போனான்ங்கற மாதிரியே வருது. அந்த மாதிரி ஒரு வார்த்தையைக் கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை உனக்குக் கொடுக்க மனசு வரல. மே பாதியிலதான் பிரிப்பேன்னு எழுதியிருந்தியே, அதுக்குள்ள எதையாவது சொல்லித் தடுத்துடலாம்னு நினைச்சேன். உன் வீம்பை மறந்துட்டேன். நேராச் சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணு. அளவைக் கூட்டிப் போடச் சொல்லி நீ எழுதின கடிதம் வந்தப்ப அவன் போய் ரெண்டு நாள் ஆயிருந்தது. அந்த ஒரு கையை நான் போடவே இல்ல. அதை நினைச்சு நீ தூக்கத்தைக் கெடுத்துக்காதே.

வக்கீலைப் பத்தி உடனே எழுது.

உன்
அண்ணி


மே 31

அன்புள்ள அண்ணிக்கு,

வக்கீல் பிழைச்சுக்கிட்டான். அன்னைக்கே ஒரு கார்டு போட்டேனே, கிடைச்சிருக்கும். ரத்தப் பரிசோதனையில கல்லீரல்ல கொஞ்சம் பாதிப்புன்னு வந்தது. கொஞ்ச நாள்தான் சாப்பிட்டிருக்கான், அதனால தேறிடுவான்னு சொன்னார் டாக்டர். மாத்திரை கொடுக்கும்போது எதிர்வாதம் பண்றான். நானும் நல்லா இருக்கேன். நீங்க, அண்ணன் எப்படி இருக்கீங்கன்னு கேட்கவே கூச்சமா இருக்கு.

முதல்ல உங்க மேல கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. காலையில அதை யார்மேலயாவது கொட்டணும்னு கடைக்குப் போனேன். "எங்க கடையில வாங்கின யாரும் புகார் சொல்லலையே மேடம்"ன்னார். "செத்த நாய் வந்து புகார் எழுதிக் கொடுக்குமா?"ன்னேன். அவர் முகம் செத்துப் போச்சு. நல்ல மனுஷன்தான் அண்ணி. மூட்டை நம்பரைச் சொன்னதும் உள்ள ஓடிப் போய்ப் பார்த்தார். பிரிக்காம நாலு இருந்தது. மிச்சமெல்லாம் வித்துப் போச்சு. வாங்கினவங்க பேர் அவருக்குத் தெரியாது, நாயை வச்சுத்தான் தெரியும். "ஒத்தைக் காது வெள்ளை, பார்க் பக்கத்து வீடு", "குட்டைக் கால் தாத்தா, மருந்துக்கடை சந்து". அப்படியே ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்கார்.

அன்னைக்கு வகுப்பு மேனேஜரோடது. "சார், இன்னைக்குச் சந்து சந்தாப் போகணும்"னேன். ஏன்னு கேட்டார், சொன்னேன். "ஏறுங்க மேடம்"ன்னார். அவர் அன்னைக்கு ஓட்டின மாதிரி என்னைக்கும் ஓட்டினதில்ல. ஹாரனுக்கு அனுமதி கேட்கவே இல்ல. கடைக்காரர் முன் சீட்டுல வழி சொல்ல, நான் பின் சீட்டுல மூட்டைகளுக்கு நடுவுல. பயிற்சி வண்டிப் பலகையோட வந்து நின்னு, "உங்க நாய்த்தீனியைக் கொடுங்க"ன்னு கேட்டா யார் கொடுப்பாங்க? ஒரு வீட்டுல எங்களைத் திருடங்கன்னு நினைச்சு நாயை அவிழ்த்து விட்டாங்க. அந்த நாயைக் காப்பாத்தத்தான் நாங்க ஓடினோம், அது எங்களைத் துரத்துது.

ஒரு வீட்டு வாசல்ல சங்கிலி மட்டும் தொங்கிக்கிட்டிருந்தது. அந்தம்மா நாங்க சொன்னதை முழுசாக் கேட்டாங்க. உள்ள போய்ப் பாதி மூட்டையைக் கொண்டு வந்து கொடுத்துட்டு, "எனக்கு வயசாகிப் போச்சு, நான்தான் சரியாக் கவனிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்"ன்னாங்க.

பிரிக்காத நாலு மூட்டையையும் உங்க டாக்டருக்கே பார்சல்ல அனுப்பிட்டேன். அவங்களுக்கு உபயோகப்படும்.

அண்ணி, "அந்த மாதிரி ஒரு வார்த்தை"ன்னு எழுதியிருந்தீங்க. அது எந்த வார்த்தைன்னு எனக்குத் தெரியும். அம்மாவைக் கடைசியா வந்து பார்த்தப்ப எலும்பும் தோலுமா இருந்தாங்க. அவங்க போன மறுவாரம், "எங்கம்மாவுக்கு நேரா நேரத்துக்குச் சோறு போட்டீங்களா இல்லையா?"ன்னு போன்ல உங்களைக் கேட்டவ நான். அன்னைக்கு நீங்க பதில் சொல்லல. நான் பதிலுக்காகக் கேட்கவும் இல்ல.

இப்ப நிஜமாவே கேட்கறேன். அம்மா கடைசியில என்ன சாப்பிட்டாங்க? சண்டைக்கு இல்ல. தெரிஞ்சுக்கணும். சொல்ல வேண்டாம்னு தோணினா விட்டுடுங்க.

அன்புடன்,
பாப்பா


ஜூன் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

வக்கீல் தேறினது எனக்குப் போதும். மாத்திரையை நடுவுல நிறுத்திடாதே. நாங்க நல்லா இருக்கோம். உங்க அண்ணனுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு.

முதல்ல அந்த மூட்டை விஷயம். அந்தக் கம்பெனிக்கு டாக்டர் எழுதினதுக்கு, வாங்கினவங்க வீட்டுல ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிச்சிருக்கும்னு பதில் வந்ததாம். வீட்டுல இருக்கறவங்க தலையில போடறது எல்லாருக்கும் சுலபமா இருக்கு. நானும் உனக்கு ஈரம்னுதானே எழுதினேன், அதை நினைச்சு வெட்கமா இருந்தது. ஆனா நீ அனுப்பின நாலும் பிரிக்காத மூட்டை. அதுலயும் அதே விஷம்னு சோதனை முடிவு வந்துடுச்சு. அதுக்கு மேல அவங்களால ஒண்ணும் சொல்ல முடியல. டாக்டர் கடைக்கே வந்து சொன்னா. "உங்க நாத்தனார் என்ன வேலை பார்க்கறாங்க, வக்கீலா?"ன்னு கேட்டா. இல்ல, அது அவ நாய்ன்னேன். குழம்பிப் போய் நின்னா.

இனி நீ கேட்டதுக்கு வரேன். ஒரு மாசமா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்.

அம்மாவுக்குக் கடைசியில பசியே இல்ல. ஆனா நான் வச்ச சாப்பாடு எப்பவும் காலியாத்தான் திரும்பி வரும். எனக்குச் சந்தோஷம். அப்படியும் ஆள் இளைச்சுக்கிட்டே போனாங்க. டாக்டரை மாத்திப் பார்த்தோம், மருந்தை மாத்திப் பார்த்தோம். ஒரு மத்தியானம் கடையிலேருந்து வந்து அவங்க அறைக் கதவை லேசாத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியில ஒரு தெரு நாய் சுவத்துல முன்னங்காலை வச்சு நிக்குது. அம்மா சாப்பாட்டை உருட்டி உருட்டிக் கம்பி வழியாக் கொடுக்கறாங்க. "சீக்கிரம் தின்னு, அவ வந்துடப் போறா"ங்கறாங்க. அவன்னா நான்தான். அவங்க முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வருஷத்துல பார்த்ததே இல்ல.

சத்தம் போடாம கதவைச் சாத்திட்டேன். மறுநாள்லேருந்து ரெண்டு பேருக்கு வச்சேன். ஒரு பங்கு நாய்க்குப் போனாலும் ஒரு பங்காவது அம்மா வயித்துக்குப் போகட்டும்னு பார்த்தேன். ரெண்டு பங்கையும் அதுக்கே கொடுத்தாங்க. எனக்குத் தெரியும்ங்கறது அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. உங்க அண்ணனுக்குத் தெரியும்.

நீ கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாம். உங்கம்மா சோத்தை நாய் தின்னுடுச்சுன்னு சொன்னா அன்னைக்கு நீ நம்பியிருப்பியா? நான்கூட நம்பியிருக்க மாட்டேன். அதோட, அம்மாவை மாட்டி விடற மாதிரியும் இருந்தது.

அம்மா போனப்புறமும் அந்த நாய் ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்கிட்டே இருந்தது. நான் போட ஆரம்பிச்சேன். அதுதான் அப்புறம் கடைக்குப் பின்னால குட்டி போட்டது. அதனாலதான் ஒண்ணை உனக்கு அனுப்பச் சொன்னேன்.

இனி இதைப் பத்தி நீ ஒண்ணும் எழுத வேண்டாம். முதுகைப் பார்த்துக்கோ.

உன்
அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சௌக்கியமா? அண்ணன் சளி விட்டுடுச்சா?

உங்க கடிதத்தை இத்தனை நாளாப் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரியறேன். சிக்னல்ல வண்டி நின்னா எடுத்துப் படிக்கறேன். "அவ வந்துடப் போறா"ங்கற இடம் வந்தா அம்மா குரல் அப்படியே கேட்குது. சிரிப்பு வருது, உடனே அழுகையும் வருது. பக்கத்துல உட்கார்ந்து ஓட்டறவங்க பயந்து போறாங்க, தப்பா ஓட்டிட்டோமோன்னு. எழுத வேண்டாம்னு சொன்னீங்க, அதனால இதோட நிறுத்தறேன்.

அந்த நம்பர் மூட்டை எல்லாத்தையும் கம்பெனி திரும்ப எடுத்துக்குது. முன்னெச்சரிக்கையாச் செய்யறாங்களாம். கடைக்காரர் அந்த அறிவிப்பைக் கடை வாசல்லயே ஒட்டிட்டு, அதுக்குக் கீழ, "எங்கள் கடையிலும் விற்றோம், வருந்துகிறோம்"னு தன் கையால எழுதி வச்சிருக்கார். எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கல. சங்கிலி வீட்டு அம்மாவை நேர்ல போய்ப் பார்த்து, சோதனை முடிவைக் காட்டிட்டு வந்தேன். "அப்ப என் மேல தப்பு இல்லையே?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. இல்லன்னேன். ரெண்டு தடவையும் சொன்னேன். மேனேஜர் முதல் தடவையிலேயே பாஸ்.

வர்ற மாசம் முதல் சனிக்கிழமை அங்க வரலாம்னு இருக்கேன். வண்டியிலேயே வரேன். ரெண்டு நாள் இருப்பேன். எனக்கு என்ன செய்யறதுன்னு நீங்க அடுப்படியில போய் நிக்காதீங்க. இந்தத் தடவை நான் சமைக்கறேன், நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க. நான் செஞ்சதைப் பயப்படாம சாப்பிடுவீங்கல்ல?

ஒண்ணே ஒண்ணு கேட்கணும். வக்கீலும் கடுகும் ஒரே ஜாடை. அதே காது, அதே நடை. அவன் கடைக்குள்ள நுழைஞ்சா உங்களுக்கும் அண்ணனுக்கும் எப்படி இருக்குமோன்னு பயமா இருக்கு. கஷ்டமா இருக்கும்னா சொல்லிடுங்க, இங்க மேனேஜர் வீட்டுல விட்டுட்டு வரேன். நான் தப்பா நினைக்க மாட்டேன்.

அன்புடன்,
பாப்பா


ஜூலை 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்க நலம். தபால் எடுக்க ஆள் வந்து நிக்கிறார், அதனால நாலே வரி.

நீ என்ன சமைச்சாலும் நான் சாப்பிடுவேன். உப்பை மட்டும் பார்த்துப் போடு.

வக்கீலைக் கூட்டிட்டு வா. உங்க அண்ணன் மேஜைக்கு அடியில புது அட்டை வெட்டிப் போட்டுட்டார். நான் சொல்லல, அவராத்தான் போட்டார்.

அவனுக்குன்னு தட்டு எதுவும் எடுத்துட்டு வராதே. இங்க ஒண்ணு இருக்கு. கழுவி வச்சிருக்கேன்.

உன்
அண்ணி